சீவலக்குளத்துப் பாசிச்சண்டை

சீவலக்குளத்துத் தண்ணீர் பேச ஆரம்பித்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமையில். மேற்கே கணவாய் வழியாக இறங்கி வந்த சாரல் காற்று தென்னை மட்டைகளையும் பஞ்சாயத்து அலுவலகத்தின் தகர போர்டையும் ஒரே தட்டாகத் தட்டிக்கொண்டிருந்த காலையில், குளத்தில் மொண்ட குடத்தை இடுப்பில் வைத்து நடந்துகொண்டிருந்த பூலம்மாள், தன் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து "ஏல, தள்ளி நில்லுல, வெளிச்சம் மறைக்குது" என்று ஒரு குரல் கேட்கவே, எவனோ எடுபட்ட பயல் பின்னால் வருகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமலே நாலு வார்த்தை ஏசிவிட்டு, வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தாள். இறக்கி வைத்த குடம், "ஒன்னையச் சொல்லல தாயி, நீ ஒன் சோலியப் பாரு" என்றது. பூலம்மாள் உலை வைக்கப் போனாள்.

மத்தியானத்துக்குள் ஊரிலுள்ள குடம், தவலை, அண்டா எல்லாம் பேசின. ஏன் பேசின என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அதை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பேசுவது யார் என்பதைத்தான் கேட்டார்கள். "நாங்க பாசிதான், வேற யாரு?" என்று குடங்களுக்குக் கொஞ்சம் கோபங்கூட வந்தது. வழுக்கிவிடுகிற படிக்கட்டுப் பாசி இல்லை. கண்ணுக்கே தெரியாமல் தண்ணீரோடு தண்ணீராக மிதக்கிற பாசி, ஒரு கை அள்ளினால் ஒரு ஜில்லாவே கைக்குள் வந்துவிடுகிற பாசி.

நடுக்குளத்தில் தோணியோடு நின்ற முப்பிடாதிக்கு அன்று குடமளவு இல்லை, குளமளவு சத்தம் கேட்டது. முப்பிடாதி பூலம்மாளின் நாத்தனார். புருஷன் போன பிறகு அவன் வைத்துப் போன நீளக் கம்பைக் கையிலெடுத்து, சீவலக்குளத்திலிருந்து அக்கரைப்பட்டிக்கும் அங்கிருந்து இங்குமாக ஆட்களை, ஆட்டுக்குட்டிகளை, மாப்பிள்ளை வீட்டுச் சீர்வரிசைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவள். கரையைச் சுற்றிப் போகும் ரோடு ரயில்வே கேட்டில் போய்ப் பாதி நாள் படுத்துக்கொள்வதால், அவசரக்காரர்களெல்லாம் அவள் தோணிக்குத்தான் வருவார்கள். கம்பு அடிச்சேற்றில் இறங்கும்போதெல்லாம் கீழிருந்து "அப்பாடா", "நாசமாப் போறவளே", "இன்னொரு குத்து குத்துங்கக்கா" என்று மூன்று விதமாகச் சத்தம் வந்தது. இத்தனை காலம் இந்தக் குளம் எப்படி வாயை அடக்கிக்கொண்டு கிடந்தது என்பதில்தான் முப்பிடாதிக்கு ஆச்சரியம்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை தண்ணீரைப் பற்றியது அல்ல, திருப்பூரைப் பற்றியது. மகள் சண்முகவடிவு அங்கே பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான பிள்ளை, தினமும் போன் போட்டு "வந்திரும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்பவள். ஒருமுறை முப்பிடாதி போய் ஒரு வாரம் இருந்தாள். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். தண்ணீர் கேனில் வந்தது. ஒரு வாரமும் அவள் செய்த வேலை, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து "சாப்டியாம்மா" என்ற கேள்விக்கு "சாப்ட்டேன்" என்று பதில் சொன்னது மட்டும். திரும்பி வரும்போது ஸ்டேஷனில் மகள் கண் கலங்கி நிற்க, அந்தக் கலக்கத்தில் முப்பிடாதி வாய் தவறி ஒரு சத்தியம் செய்துவிட்டாள்: "தோணி ஓடுற வரைக்கும் என்னையக் கூப்பிடாத. தோணி நின்ன அன்னைக்கு நானே வந்துருதேன்." சண்முகவடிவு அந்தச் சத்தியத்தைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

குடங்களின் பேச்சு ஊருக்குப் பழகிப் போனது. பாசியில் நூறு சாதி உண்டென்றாலும் ஊர் அவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டது. ஒன்று பச்சைக்கூட்டம்: வெடுவெடு ஆட்கள், கொஞ்சம் வெயிலும் கொஞ்சம் சாப்பாடும் கிடைத்தால் போதும், காலையில் ஒருத்தன் மத்தியானம் இரண்டு பேராகிவிடுவான். "நேத்துப் பிறந்த பய எங்கிட்ட வந்து எடம் கேக்கான் பாரு" என்று ஒரு குரல் ஏசினால், "நேத்துப் பிறந்தவன்தாம்ல, இன்னைக்கு எனக்குப் பேரன் எடுத்தாச்சு" என்று இன்னொரு குரல் திருப்பிக் கொடுக்கும். அடுத்தது கண்ணாடிக்காரர்கள்: உடம்பெல்லாம் கண்ணாடிச் சட்டை, பேச்சில் வளையல் கிலுங்கும், ஆனால் சட்டை கனம் என்பதால் தண்ணீர் அசையாமல் நின்றால் மூழ்கிவிடுவார்கள். "ஏ, முங்குதேனே, யாராவது கலக்குங்களேன்" என்று அவர்கள் கத்தும்போது பூலம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து குடத்தில் அகப்பையை விட்டு ஒரு கிண்டு கிண்டிவிட்டுப் போவாள்.

மூன்றாவது கூட்டத்தை ஊர் "பெரியவுக" என்றது. நீலமும் பச்சையும் கலந்த நிறம், பதறாத பேச்சு. வயிற்றுக்குள் காற்றை அடைத்துக்கொண்டு வேண்டும்போது மேலே வருவார்கள், வேண்டாதபோது கீழே போவார்கள். "முந்தி இந்த ஒலகத்துல காத்தே கெடையாது தாயி. நாங்க விட்ட மூச்சுலதான் நீங்கள்லாம் வந்தீய. சரி, சொல்லிக்காட்டக் கூடாது" என்று சொல்லிக்காட்டுவார்கள். இதற்கு எதிர்ப்பேச்சு பேச ஊரில் ஆள் இல்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்று தெரிந்தபோது மட்டும் ஒரு தர்மசங்கடம் வந்தது. சிலர் கொதிக்க வைப்பதை நிறுத்தினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். நர்சம்மா ஏசிய ஏச்சில் கடைசியில் ஒரு வழக்கம் பிறந்தது: பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால், "கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கிடுங்க" என்று சொல்ல வேண்டியது. "எங்களுக்கென்ன, குளம் பூரா நாங்கதான" என்று பதில் வரும். பிறகு மனசாட்சி தொந்தரவு இல்லாமல் காபி போடலாம்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பி, தண்ணீர் கலங்கி, பச்சைக்கூட்டம் வெளிச்சம் போதாமல் முனகியபோது ஊரும் முனகியது. கார்த்திகையில் கண்ணாடிக்காரர்கள் கை ஓங்கியது. குளம் தேநீர் நிறமானது. தையில் அவர்களுடைய சட்டைக்குத் துணி தீர்ந்தது. குளத்தில் கரைந்திருந்த மணல்சத்தையெல்லாம் அவர்களே தைத்துப் போட்டுக்கொண்டுவிட்டார்களாம். உடனே பச்சை எழும்பியது. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை, யாரும் வாயை மூடவுமில்லை. கதை கேட்கிற ஜோரில் டிவி சீரியல்களை ஊர் மறந்தே போனது.

வினை வந்தது ஒரு டம்ளரில். பஞ்சாயத்துப் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் குத்தாலலிங்கம் மைக்கைப் பிடித்து, "எங்கள் ஊர் ஒற்றுமைக்குப் பேர் பெற்றது" என்று ஆரம்பித்தார். மேசையில் இருந்த டம்ளர், "யாரு சொன்னா?" என்றது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்கே பிரிவினை என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார். "மேல வந்து பேசுதான் பாரு, அடியில இருக்கவன் கதி என்னாகும்னு கேளுங்க" என்றது டம்ளர். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். தலைவர் அந்த டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் வயிற்றுக்குள்ளிருந்து, பேச்சின் அடுத்த பத்தி முழுவதும், மைக் அளவுக்குச் சத்தமாக அது எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தது.

மறுநாளே அவர் ஊர்க்கூட்டம் போட்டார். "ஒரு வீட்டுல சண்டைன்னா நாம பாத்துக்கிட்டா இருக்கோம்? குளத்துல மட்டும் ஏன் பாத்துக்கிட்டு இருக்கணும்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்ததாக எல்லாருக்கும் பட்டது. அந்த ஊரில் இரண்டு குடும்பம் ஒரு கிணற்றுக்கோ வரப்புக்கோ அடித்துக்கொண்டால் ஊர் கூடி அந்த இடத்துக்கு மஞ்சள்கயிறு கட்டிவிடும். சமாதானம் ஆகிறவரை அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. ஆகவே குளத்துக்கும் மஞ்சள்கயிறு கட்டுவது என்று முடிவானது. எருமை இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மதகைத் திறக்கக் கூடாது. குடிதண்ணீர் மட்டும் கரையில் நின்று வாளி விட்டு மொண்டுகொள்ளலாம்.

"அப்பம் தோணி?" என்றாள் முப்பிடாதி.

"தோணியும்தான் மைனி. கம்பால குத்திக் குத்தி அவங்களை நீங்கதான கெளப்பி விடுதிய? கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடுங்களேன். மகதான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காமே" என்றார் தலைவர்.

"எம்மக கூப்பிடுதது ஒமக்கெதுக்குவே?"

"சரி, ஊருக்காவப் பாருங்க."

கூட்டத்துக்கு, கடையநல்லூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பாசி ஆராய்ச்சி செய்கிற மெகருன்னிசா டீச்சரும் வந்திருந்தார். மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிறவர். அவர் எழுந்து, "ஐயா, அவங்க சண்டை போடுறதாலதான் அவங்க எல்லாருமே உயிரோட இருக்காங்க. காத்து அடிக்குது, மழை பெய்யுது, தோணி போகுது. ஒருத்தன் ஜெயிக்கப் போற நேரத்துல ஆட்டமே மாறிடுது. நீங்க ஆட்டத்தை அசையாம நிறுத்துனீங்கன்னா எவனோ ஒருத்தன் முழுசா ஜெயிச்சிருவான்" என்றார்.

"ஒருத்தன் ஜெயிச்சாத்தான டீச்சர் சண்டை ஓயும்?" என்றார் தலைவர்.

"ஓயும்" என்றார் டீச்சர் வருத்தத்தோடு.

கூட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது. கைதட்டினார்கள்.

கயிறு கட்டியதோடு ஊர் நிற்கவில்லை. இரக்கக்காரர்கள் நிறைந்த ஊர் அது. எல்லாம் சோற்றுக்கு அடிக்கிற அடிதானே, வயிறு நிறைந்தால் யார் சண்டை போடுவார்கள் என்று ஒருவர் சொல்ல, "பாசிகளுக்கு அன்னதானம்" என்று தலைவர் கைகூப்பிய பிளெக்ஸ் எழும்பியது. ஒருவர் கடலைப் புண்ணாக்கு மூட்டையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். ஒருவர் வயலுக்கு வாங்கி மிஞ்சிய உரத்தைக் கொட்டினார். ஒருத்தி புளித்த மாவை, ஒருத்தி சாணிக்கூடையை. கோயில் பொங்கல் ஒரு அண்டா. வாரா வாரம் கொட்டினார்கள். பூலம்மாள்கூட அடிப்பிடித்த ரசத்தை ஊற்றிவிட்டு, "சாப்டுங்க, சண்டை போடாதிய" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சோற்றுச் சண்டை நின்றது உண்மை. வயிறு நிறைந்ததும் எல்லாரும் இருமடங்கு பெருகினார்கள். பெருகியதும் வெளிச்சம் போதவில்லை. சோற்றைக் கொட்டலாம், வெயிலை யார் கொட்டுவது? மாசி போய்ப் பங்குனி வந்தது. காற்று இல்லை. குளம் கண்ணாடி போட்ட படம் மாதிரி அசையாமல் கிடந்தது. முதலில் கண்ணாடிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக, "முங்குதேனே" என்று சொல்லிக்கொண்டே முங்கினார்கள். பெரியவுக அவசரப்படவில்லை. வயிற்றில் காற்றை நிரப்பிக்கொண்டு மெல்ல மேலே வந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் கோர்த்தார்கள், குளத்துக்கு மேலே பந்தல் போட்ட மாதிரி விரித்துப் படுத்துக்கொண்டார்கள். பந்தலுக்குக் கீழே பச்சைக்கூட்டம் இருட்டில் கொஞ்ச நாள் கத்தியது. பிறகு அதுவும் இல்லை.

சித்திரையில் எந்தக் குடத்தை எடுத்தாலும் ஒரே குரல்தான். "நல்லாருக்கீயளா? நாங்க நல்லாருக்கோம்." அவ்வளவுதான். காலையிலும் அது, மாலையிலும் அது. தலைவருக்கு மாலை போட்டார்கள். அவர் டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டு தைரியமாகப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டம்ளர், "சரியாச் சொன்னீய" என்றது. கூட்டம் கொட்டாவி விட்டது.

பிறகு நாற்றம் வந்தது. குளத்துமேல் பெயிண்ட் கொட்டியது மாதிரி தடித்த பச்சை ஆடை; அதன் ஓரத்தில் விடிகாலையில் கெண்டைகள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து நின்றன. மாடுகள் கரைவரை வந்து மோந்துவிட்டுத் திரும்பின. தண்ணீர் கசந்தது, உடம்பில் பட்ட இடமெல்லாம் அரித்தது. லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தது. அது எங்கேயோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், ஒரு வார்த்தை பேசாது. ஆனாலும் யாரும் கயிற்றைத் தொடவில்லை. சமாதானத்துக்குக் கட்டிய கயிறு, சமாதானமும் வந்துவிட்டது. இதில் எதைக் குறை சொல்வது என்று ஊருக்குத் தெரியவில்லை.

முப்பிடாதி இதற்குள் பொய் சொல்வதில் தேர்ந்திருந்தாள். தோணியைக் கவிழ்த்துப் போட்டிருந்த செய்தி திருப்பூருக்குத் தெரியக் கூடாதே. மகள் போன் அடித்ததும் ஒரு கையில் போன், இன்னொரு கை வாளிக்குள். தண்ணீரை அளைந்து அளைந்து சத்தம் எழுப்புவாள். "நடுக்குளத்துல நிக்கேன்ட்டி, தோணில பத்துப் பேரு இருக்காவ, அப்புறம் பேசட்டுமா?" என்று மூச்சு வாங்குவாள். லாரித் தண்ணீராக இருந்தவரை வாளி ஒத்துழைத்தது. ஒருநாள் லாரி வரவில்லை. குளத்து வாளியில் கையை விட்டு அளைந்தாள்.

"நல்லாருக்கீயளா?" என்றது வாளி, போனுக்குக் கேட்கிற மாதிரி. "நாங்க நல்லாருக்கோம். தாயி வீட்டுலதான் இருக்காவ. இது வாளி."

"அம்மா, யாரும்மா அது?"

"அது... ஒரு பயணி."

"பொய் சொல்லக் கூடாது தாயி" என்றது வாளி பணிவாக. "தோணி நின்னு மூணு மாசமாச்சு. சண்டையெல்லாம் ஓஞ்சு போச்சு. எல்லாம் ஒங்க புண்ணியம்."

சண்முகவடிவு கோபப்படாமல், "ஞாயித்துக்கெழமை கார் எடுத்துட்டு வாரேன்மா. துணிமணி எடுத்து வையி. நீ சொன்ன சத்தியம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பிடாதி துணிமணியும் எடுத்து வைக்கவில்லை, யோசிக்கவுமில்லை. குளத்துக்காக, மீனுக்காக, பாசிக்காக என்றெல்லாம் பிறகு ஊரில் கதை கட்டினார்கள். அவள் மனதில் இருந்தது அந்த எதிர் ஜன்னல் மட்டும்தான். கார் வரும்போது தோணி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அரிவாளை எடுத்தாள், கரைக்குப் போனாள், மஞ்சள்கயிற்றை இரண்டாக அறுத்தாள், கவிழ்ந்து கிடந்த தோணியை நிமிர்த்தித் தள்ளினாள்.

"ஏட்டி கோட்டிக்காரி!" என்று பூலம்மாள் கரையில் மார்பில் அடித்துக்கொண்டாள். "கயித்த அறுத்துட்டியே! ஊரு ஒன்னையச் சும்மா விடுமா?"

"விடலைன்னாத்தான் நல்லது மைனி" என்று சொல்லிக்கொண்டே முப்பிடாதி ஏறினாள்.

தோணி நகரவில்லை. கூழில் விட்ட கட்டை மாதிரி நின்றது. பச்சை ஆடை தோணியின் முகப்பில் சுருண்டு மடிந்தது. நாற்றம் மூக்கை அறுத்தது. "வேண்டாம் தாயி" என்றது குளம் முழுவதும் ஒரே குரலில். "நல்லாத்தான இருக்கோம்? ஒரு சத்தம் இல்ல, ஒரு சச்சரவு இல்ல."

"நீங்க நல்லாருக்கிய சாமி. நான் திருப்பூர்ல போயி என்ன செய்வேன்?" என்று அவள் கம்பை ஆடையைக் கிழித்து, தண்ணீரைக் கிழித்து, அடிச்சேறுவரை இறக்கி, இரண்டு கையாலும் ஒரு கிண்டு கிண்டினாள்.

பிறகு சேற்றுக்குள்ளிருந்து, தூக்கத்தில் எழுப்பப்பட்ட எரிச்சலோடு, வளையல் கிலுங்குகிற மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது: "எவம்ல அது, கதவைத் தட்டுதது?"

முப்பிடாதிக்கு அழுகை வந்துவிட்டது. "நாந்தான் ராசா" என்றாள். "எந்திரி. எந்திரிச்சு ஏசு."

அன்று முழுக்க அவள் இறங்கவில்லை. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆளில்லாத் தோணியைத் தள்ளினாள். கயிறு அறுந்து கிடப்பதைப் பார்த்த எருமைகளுக்கு ஊர்த் தீர்மானம் தெரியாது. அரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் நாலைந்து இறங்கி உழப்பின. எருமையை ஓட்டப்போன ஆட்கள் இறங்கினார்கள். இறங்கியது இறங்கியாயிற்று என்று யாரோ மதகையும் திறந்துவிட்டார்கள். தடித்த பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து ஓடியது. அந்த வாரமே கணவாய் திறந்து காற்று இறங்கியது. பெரியவுக கோர்த்திருந்த கை விலகி, பந்தல் கிழிந்து, கிழிசல் வழியே வெயில் உள்ளே விழுந்தது. ஊர் அன்னதானத்தை நிறுத்தியது. டீச்சர் சொன்னதற்காக இல்லை, நாற்றம் பொறுக்காமல். ஆனி பாதியில் பூலம்மாள் வீட்டுக் குடம் பழைய குரலில், "ஏல, தள்ளி நில்லு" என்றது. அவள் குடத்துக்குக் குங்குமம் வைத்தாள்.

சண்முகவடிவு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள் போகவில்லை. லீவைச் சொல்லிச் சொல்லி நீட்டிக்கொண்டு அங்கேயேதான் இருந்தாள். "நான் வரும்போது தோணி ஓடுச்சுங்கறது வேற. நடுவுல மூணு மாசம் நின்னுச்சா இல்லையா?" என்று அவள் கேட்டாள். பெட்டியைக்கூட அடுக்கியாகிவிட்டது.

அப்போதுதான் தலைவர் ஊர்க்கூட்டம் போட்டார். தண்ணீர் திரும்பப் பேசுவதில் அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். "சரியாச் சொன்னீய" கேட்டுக் கேட்டு அவருக்கே அவர் பேச்சு சலித்துப் போயிருந்தது. ஆனாலும் கயிறு கயிறுதான். "அறுத்தது குத்தம். குத்தத்துக்குத் தண்டனை உண்டு" என்றார். "கயித்த அறுத்தவுகளுக்கு என்ன தண்டனைன்னு ஊரு சொல்லக் கூடாது. சண்டை போட்ட தரப்புக்காரங்க எல்லாரும் சேந்து ஒரே வாயாச் சொல்லணும். அதுவரைக்கும் குத்தவாளி ஊரையும் குளத்தையும் விட்டுப் போகக் கூடாது. இதுதான் நம்ம வழக்கம்."

குளத்திலிருந்து நிறைகுடங்கள் வந்தன. ரேஷன் கடைக் கொட்டகையில் வரிசையாக வைத்து, முப்பிடாதியை எதிரே நிறுத்தினார்கள்.

"பெரிய தண்டனை குடுக்கணும்" என்றார்கள் பெரியவுக. "நிம்மதியக் கெடுத்துட்டா."

"தண்டனையா? அக்காவுக்குச் செலை வைக்கணும்ல!" என்றது பச்சை.

"செலை வைக்கதுக்கு முன்னால எங்கள இன்னும் நாலு குத்து குத்தச் சொல்லுங்க, முங்குதோம்" என்றார்கள் கண்ணாடிக்காரர்கள். அவர்களுக்குள்ளேயே ஒருவன், "எழுப்பினது சரி, சேத்துல நல்லா ஒறங்கினவனை எழுப்பினதுக்கு யாரு மன்னிப்புக் கேக்கது?" என்றான். பச்சையில் ஒருவன் இரண்டாகி, இரண்டில் ஒருவன் கட்சி மாறினான்.

மத்தியானம் போய்ப் பொழுது சாய்ந்தது. தலைவர் வழக்கை ஒத்திவைத்தார்.

"டீச்சர்" என்று சண்முகவடிவு மெகருன்னிசாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "இவங்க எல்லாரும் ஒரே தீர்ப்புக்கு எப்ப வருவாங்க?"

டீச்சர் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கலக்கிக்கிட்டே இருந்தா வரவே மாட்டாங்கம்மா" என்றார்.

சண்முகவடிவு பெட்டியைத் திறந்து அம்மாவின் சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, காரை எடுத்தாள். போகும்போது, "தீர்ப்பு வந்த அன்னைக்கு நான் வாசல்ல நிப்பேன், பாத்துக்க" என்றாள். மிரட்டல் மாதிரித்தான் சொன்னாள். சிரித்த மாதிரியும் இருந்தது.

வழக்கு மாதம் ஒருமுறை நடக்கிறது. ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் முப்பிடாதிக்குக் கவலை இல்லை. எல்லாத் தரப்பும் வாய்ச்சண்டையின் உச்சத்தில் இருக்கும், ஒருவன் சொன்னதை ஒருவன் கேட்கமாட்டான். மாசி வரும்போதுதான் அவளுக்குப் பதற்றம் பிடித்துக்கொள்ளும். காற்று நிற்கும், தண்ணீர் தெளியும், குரல்கள் தாழும். இந்த மாசியிலும் அப்படித்தான். ஆளில்லாத ஒரு மத்தியானம், நடுக்குளத்தில் தோணியை நிறுத்தி அவள் காது கொடுத்துக் கேட்டாள். பச்சை, "போகட்டும், மன்னிச்சு விட்ருவோம்" என்றது. பெரியவுகளுக்கும் இப்போது மனசு இளகியிருந்தது. "ஆமா, பொம்பளப்பிள்ள, பாவம், விட்ருவோம். மகளோட போயி நிம்மதியா இருக்கட்டும்" என்றார்கள். கண்ணாடிக்காரர்களும் ஒவ்வொருவராக, "விட்ருவோம், விட்ருவோம்" என்று சொல்லிக்கொண்டே மூழ்கினார்கள்.

ஒரே ஒருத்தன் மட்டும் பாக்கி. கீழே, வெளிச்சம் எட்டுகிற கடைசி இடத்தில், சட்டை கனத்தில் முங்கிக்கொண்டே அவன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்: "விடக் கூடாது. இவள விடவே கூடாது. ஆயுசுக்கும் இங்கனயே கெடந்து கம்பு ஊனணும்."

முப்பிடாதி சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"அப்படிச் சொல்லு என் ராசா" என்று அவனுக்குச் சரியாக அடியில் கம்பை இறக்கி, சேறு புகையாக மேலே எழும்பும்படி, அவள் பலம் கொண்டமட்டும் கிண்டினாள்.